முழுப் பேர்

ஜிந்துப்பிட்டி, கொழும்பு
4 மார்ச் 1934

அன்புள்ள அண்ணிக்கு மருதாயி எழுதுவது.

உங்கள் மூட்டுவலி தேவலையா? எனக்குத் தொண்டை மட்டும்தான் சரியில்லாமல் இருந்தது. அதுவும் இன்று காலை சரியாகிவிட்டது. இனி அதற்கு வேலை இல்லை என்று தெரிந்துகொண்டது போலிருக்கிறது.

எங்கள் நாடக செட் கலைந்துவிட்டது. பேசும் படம் வந்ததிலிருந்து முன்வரிசை பெஞ்சுகூட நிறையவில்லை. முதலாளி தர்பார் திரையை ஒரு தேத்தண்ணிக் கடைக்காரருக்கு விற்றுவிட்டார். நேற்று அந்தப் பக்கம் போனேன். பதினைந்து வருடம் நான் ராணியாய் நின்ற அந்தத் திரைத் தூண்களுக்கு முன்னால் வாழைக்குலை தொங்குகிறது. ஒரு பழம் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

கடைசி நாடகத்துக்கு கிராமபோன் கம்பெனியின் ஏஜெண்டு ஒருவர் வந்திருந்தார். ராணி வேஷத்தை அவர் கவனிக்கவே இல்லை. சீன் மாற்றும்போது ஜனங்கள் கூச்சல் போடாமல் இருக்க நான் நடுவில் ஒரு பாட்டுப் பாடுவேனே, நானே கட்டிய பஸ் பாட்டு, அதைத்தான் பிடித்துக்கொண்டார். நம் தெஹியோவிட்ட பஸ்தான் அண்ணி. ஏற்றத்தில் நின்றதும் டிரைவர் "ஒக்கொம பஹின்ட" என்பான், எல்லோரும் இறங்கித் தள்ளுவோமே, அது.

*ஏறினது எட்டுப் பேரு, எறங்கினது எட்டுப் பேரு,
ஏத்தத்துல தள்ளினதும் அதே எட்டுப் பேரு.*

இதைப் பிளேட்டில் பிடிக்க வேண்டுமாம். அதற்கு ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். காகிதம் முழுக்க இங்கிலீஷ். இரண்டு நாள் தவணை வாங்கி, ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவது போலப் பார்த்துப் பார்த்து வரைந்து இதோடு அனுப்பியிருக்கிறேன். படித்து என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. இனி யார் செட்டிலும் ராணி வேஷம் கிடைக்காது. தாய்க்கிழவி வேஷம் கொடுப்பார்கள், ஆனால் கொடுப்பதற்கு செட்டே இருக்காது. இதை விட்டால் எனக்கு என்ன வழி என்று தெரியவில்லை.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

மருதாயி

---

தெஹியோவிட்ட
11 மார்ச் 1934

அன்புள்ள மருதாயி,

வாலுள்ள இங்கிலீஷ் எழுத்துக்களுக்கெல்லாம் இரண்டு வால் போட்டிருக்கிறாய். ஆனாலும் ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன்.

சாரம் இதுதான். ஆறு வருடத்துக்கு நீ அவர்களுக்கு மட்டுமே பாட வேண்டும். திருவிழாவில், கல்யாணத்தில், வேறு எந்த மேடையிலும் காசு வாங்கிப் பாடக்கூடாது. நீ கட்டிய பாட்டுகள் அவர்களுடையவை. மாதாமாதம் ஒரு தொகை தருவார்கள், பிளேட் விற்றாலும் விற்காவிட்டாலும். இன்னொன்று, பிளேட்டில் என்ன பேர் போடுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். மருதாயி என்று போட மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கையெழுத்துப் போடு என்பதே என் யோசனை. மாதம் தவறாமல் கிடைப்பது பெரிய விஷயம். பேரைப் பற்றிக் கவலைப்படாதே. கண்டியில் காலேஜில் சேர்ந்த அன்றைக்கு, ஜெயம்மா வாயில் நுழையவில்லை என்று என்னை ஜேன் என்று எழுதிக்கொண்டார்கள். நான்கு வருடம் ஜேன் என்றால் திரும்பிப் பார்த்தேன். கை கால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சர்ட்டிபிகேட்டும் கிடைத்தது.

இங்கே ரப்பர் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது. போன வருடம் முழுக்கத் தோட்டத்தில் எல்லோருக்கும் அரைப் பேர்தான். இப்போது முழுப் பேர் விழுகிறது. ஒரு நாள் வேலைக்கு இங்கே 'பேர்' என்று சொல்வார்கள் என்பது கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தெரியாது. "இன்னைக்கு எனக்குப் பேரில்லைங்க" என்று கருப்பாயி அழுதபோது, பேரில்லாமல் ஒருத்தி எப்படி இருப்பாள் என்று உன்னிடம் கேட்டேன். நீ ஒரு வாரம் சிரித்தாய்.

கடைவீதியில் மக்கீன் கிராமபோன் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். சம்பளச் சனிக்கிழமையில் லயத்து வீட்டு ஆட்கள் எல்லோரும் அங்கேதான். உன் பிளேட் வந்தால் அங்கே கேட்கும். வேறு பேரில் பாடினால் இங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஜெயம்மா

---

ஜிந்துப்பிட்டி
25 மார்ச் 1934

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. "இங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது." ஆறுதலுக்கு எழுதினீர்களா? யாருடைய ஆறுதலுக்கு?

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு செட்டோடு நான் புறப்பட்டபோது உங்கள் ட்ரங்குப் பெட்டியைக் காலி செய்து கொடுத்தது நீங்கள். அப்போது இப்படிப் பேசவில்லை. அந்தப் பெட்டிதான் இன்னும் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. மூடியில் வெள்ளை எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த வாரம்தான் ஒருவரைக் கேட்டேன். ஜேன் என்றார். உங்களுக்கு வேண்டாம் என்று கழற்றிப் போட்டதை நான் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

கோபம் அவ்வளவுதான், தீர்ந்தது. இனிச் செய்தி.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மறுவாரம் போடுகிறேன் என்று சொன்னேன். பாட்டைப் பிடிக்கிற வெள்ளைக்கார இஞ்சினீயர் கப்பல் ஏறப் போகிறார், முதலில் பாடிவிடு என்றார் ஏஜெண்டு. சுவர் முழுக்கக் கம்பளி தொங்கவிட்ட அறை. மின்விசிறி கிடையாது. ஒரு சிவப்பு பல்பு எரிந்ததும் பாட வேண்டும், அணைவதற்குள் முடிக்க வேண்டும். மூன்று நிமிஷத்துக்கு மேல் பிளேட்டில் இடமில்லை. நாடகத்தில் நான் மூன்று நிமிஷம் வெறுமனே அழுவேன். இங்கே பஸ் ஏறி, நின்று, தள்ளி, ஊர் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

பாட்டு முடிந்ததும் பாடினவர் பேரைச் சொல்ல வேண்டுமாம். பாட்டைப் பதிக்கிற மெழுகுத் தட்டு கடல் தாண்டிப் போய் அச்சாகி வருகிறது, அங்கே தமிழ் தெரிந்தவர் கிடையாது, ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் சீட்டை ஒட்டிவிடாமல் இருக்க அது பழைய வழக்கம். இப்போது எல்லோரும் விட்டுவிட்டார்கள், எங்கள் ஏஜெண்டு விடவில்லை. எனக்கு வைத்த பேர் மிஸ் கமலாதேவி. மிஸ்! காலையிலிருந்து மனப்பாடம் செய்தேன்.

பாட்டு நன்றாகத்தான் போனது. முடிந்ததும் இஞ்சினீயர் என்னைப் பார்த்து விரலை நீட்டினார் அண்ணி. பெரட்டுக்களத்தில் தன் கணக்கு ஆட்களை எண்ணிப் பேர் கூப்பிடும்போது அப்பா விரலை நீட்டுவாரே, அதே மாதிரி. பன்னிரண்டு வயதிலிருந்து விடிகாலையில் அந்த விரலுக்குப் பதில் சொன்ன வாய். "மருதாயி, மூக்கையா கங்காணி கணக்கு, முழுப் பேரு" என்று சொல்லிவிட்டேன். அதே சத்தத்தில். மூச்சை இழுத்துவிட்டு.

பல்பு அணைந்தது. இஞ்சினீயருக்குத் தமிழ் தெரியாது, தலையை ஆட்டிவிட்டு மெழுகைப் பெட்டியில் வைத்துவிட்டார். ஏஜெண்டு வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஆர்மோனியக்காரர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் சொல்ல மாட்டார். நானும் சொல்லவில்லை. சொல்லட்டுமா?

மருதாயி

---

தெஹியோவிட்ட
18 ஏப்ரல் 1934

அன்புள்ள மருதாயி,

பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் வருடப்பிறப்பு அல்ல. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ கேட்டது சரியான கேள்வி.

என் ஆறுதலுக்குத்தான் எழுதினேன். மக்கீன் கடையில் உன் பாட்டைக் கேட்டு யாராவது "இது நம்ம கணக்கப்புள்ள தங்கச்சி" என்று சொல்வதையும், அப்போது உன் அண்ணன் முகம் எப்படி இருக்கும் என்பதையும் நினைத்தேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து உன் பேரைக் கொடுத்துவிடச் சொன்னேன். நீ போன நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பேரை அவர் சொன்னதில்லை. சொல்லியே தீர வேண்டிய இடத்தில் "அவ" என்பார். அந்த அமைதிக்கு நானும் பழகிவிட்டேன் போலிருக்கிறது. பழக்கம் எவ்வளவு நல்ல மனுஷியையும் கெட்டிக்காரக் கோழையாக்கிவிடுகிறது.

ஜேன் என்று கூப்பிட்டதில் ஒன்றும் குறையவில்லை என்று எழுதினேன் அல்லவா, அதுவும் முழு உண்மை இல்லை. வருடா வருடம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து சர்ட்டிபிகேட்டைப் பார்த்து "யார் இந்த ஜேன்?" என்று கேட்பார். நான்தான் என்று சொல்லும்போது வேறு யாருடைய நகையையோ போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ வரைந்து அனுப்பிய காகிதத்தைப் பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் வைத்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகளின் வரவைச் சரிபார்க்க ரெஜிஸ்டரை எடுத்த உன் அண்ணன் அதைப் படித்திருக்கிறார். அரைகுறை இங்கிலீஷ்தான், ஆனால் கணக்கப்பிள்ளை வேலைக்குப் போதும். போன வியாழக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குழம்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவ கையெழுத்துப் போட்டுட்டாளா?"

இன்னும் இல்லை என்றேன். சோற்றைப் பிசைந்தார். பிறகு,

"ஒருத்தி வெட்டுன பால வேற பேர்ல எழுதினா சம்பளம் அந்த வேற ஆளுக்குத்தான் போகும். இது பெரட்டுல நிக்கிற சின்னப் புள்ளைக்கும் தெரியும். காலேஜ்ல சொல்லித் தரல போல."

அவ்வளவுதான். மோர் கேட்டார், ஊற்றினேன். இருபத்திரண்டு வருடத்தில் உன்னைப் பற்றி அவர் பேசியது அதுவே முதல் தடவை. என்னைக் குத்திக்காட்டினார், ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை.

அதனால் என் பழைய யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கையெழுத்துப் போடாதே. பிறகு பிழைப்புக்கு என்ன வழி என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். உனக்கு இங்கே ஒரு அறை உண்டு என்று எழுத நினைத்தேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு முழுதாக இல்லை என்பதால் பேனா நின்றுவிட்டது.

பெரட்டுப் பேரைச் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

ஜெயம்மா

---

பலாங்கொடை
22 ஜூன் 1934

அன்புள்ள அண்ணிக்கு,

ஊரைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். சொல்கிறேன்.

பிளேட் அச்சாகி வந்தது. ஏஜெண்டு ஊசியை வைத்துவிட்டுக் கண்ணை மூடி ரசித்தார். கடைசியில் கண்ணைத் திறந்தார். நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டேன். "யாரம்மா அது மூக்கையா?" என்று கேட்டார். எங்கப்பா என்றேன். சீட்டில் மிஸ் கமலாதேவி, பிளேட்டில் மூக்கையா கங்காணி கணக்கு, இதைப் போய் யாரிடம் விற்பது என்று அரை மணி நேரம் திட்டினார். கையெழுத்துப் போடு, மறுபடி கமலாதேவியாகப் பாடு, இல்லையென்றால் போகலாம் என்றார்.

உங்கள் கடிதம் இடுப்பில் இருந்தது. போகிறேன் என்றேன். பாடினதற்குக் கூலி கேட்டேன். அச்சடித்த நூறு பிளேட்டையும் அள்ளிக்கொண்டு போ, அதுதான் கூலி என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார் அண்ணி. நான் மறுநாள் உங்கள் ட்ரங்குப் பெட்டியோடு போய் நின்றேன். வைக்கோல் வைத்து அடுக்கினால் ஐம்பது பிடிக்கிறது. மிச்சத்தை ஆர்மோனியக்காரர் வீட்டில் வைத்திருக்கிறேன்.

சீட்டில் இருந்த கமலாதேவியை ஒவ்வொன்றாய் மையால் அடித்து, பக்கத்தில் மருதாயி என்று என் கையால் எழுதினேன். நூறு தடவை என் பேரை எழுதினது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. எழுபதாவது பிளேட் வரும்போது என் கையெழுத்து அழகாகிவிட்டது.

இப்போது நான்தான் செட், நான்தான் முதலாளி. சம்பளச் சனிக்கிழமை எந்தக் கடைவீதியோ அங்கே போகிறேன். கிராமபோன் வைத்திருக்கிற கடைக்காரரிடம் பிளேட் விற்கப் பேசிக்கொள்கிறேன். கடை வாசலில் நின்று பாடுகிறேன், கூட்டம் சேர்ந்ததும் அதே பாட்டைப் பிளேட்டிலும் போட்டுக் காட்டுகிறோம். என் வாய் மூடியிருக்கும்போது என் குரல் கேட்பதைப் பார்க்க ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். பாட்டுப் புத்தகமும் எட்டுப் பக்கத்தில் அச்சடித்தேன். இரத்தினபுரி மழையில் பாதி நனைந்து அப்பளமாகிவிட்டது. ரம்புக்கனையில் ஒன்றுகூடப் போணியாகவில்லை. மலையேறுகிற ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் கோர்க்கிற வரைக்கும் ஜனங்கள் பிளாட்பாரத்தில் சும்மா நிற்பார்கள், நம் பாட்டைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். நின்றார்கள். வடை வாங்கித் தின்றார்கள்.

ஆனால் பலாங்கொடையில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. பாட்டு முடிந்து என் பெரட்டுக் குரல் வந்ததும் கூட்டம் பெட்டியை எட்டிப் பார்த்தது. பிறகு தோட்டத்து ஆட்கள் ஒருத்தர் பின் ஒருத்தராய் அவரவர் பேர், அவரவர் கங்காணி கணக்கு, முழுப் பேரு என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா மட்டும் சிரிக்காமல் வந்து கேட்டாள், "பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொருக்காப் போடச் சொல்லு தாயி." நான் தப்பாய்ச் சொன்னதற்காகத்தான் பிளேட் விற்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தப் பிழைப்பு நிலைக்குமா என்று தெரியாது. பேசும் படம் பலாங்கொடைக்கும் வரத்தான் போகிறது. வரும் வரைக்கும் பாடுகிறேன், வந்த பிறகு என்ன என்பதை வந்த பிறகு பார்க்கிறேன்.

நான் போகாத ஒரே கடைவீதி தெஹியோவிட்ட. அவிசாவளை வரைக்கும் வந்து இரண்டு தடவை திரும்பிவிட்டேன். பஸ் நிற்கும் இடத்தில் நின்று, நம் பஸ் போவதைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அண்ணன் முகத்துக்கு முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. மக்கீன் கடைக்குப் பார்சலில் ஒரு பிளேட் அனுப்பியிருக்கிறேன். போட வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் நான் வருத்தப்பட மாட்டேன். பொய், வருத்தப்படுவேன், ஆனால் எழுத மாட்டேன்.

மருதாயி

---

தெஹியோவிட்ட
10 ஜூலை 1934

அன்புள்ள மருதாயி,

நான் மக்கீனிடம் ஒன்றும் சொல்லவில்லை. போடச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சென்ற முறை உனக்காக நான் முடிவு செய்தது போதும் என்று இருந்துவிட்டேன். ஆனால் சனிக்கிழமை உன் அண்ணன் குடைக்குக் கம்பி போட மக்கீன் கடைக்குப் புறப்பட்டபோது, எனக்கும் நூல் வாங்க வேண்டும் என்று கூடவே போனேன். நூல் வீட்டில் இரண்டு கட்டை இருந்தது.

கடை வாசலில் நல்ல கூட்டம். உன் பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டது, எல்லோரும் சிரிக்கிறார்கள். உன் அண்ணன் குடையைக் கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றார். குரலை அடையாளம் கண்டுகொண்டார் என்பது தோள் துண்டை உதறிய அவர் கை பாதியில் நின்றதில் தெரிந்தது. போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

பாட்டு முடிந்தது. ஊசி கரகரவென்று ஓடியது. பிறகு நீ உன் பேரைச் சொன்னாய்.

நீ எழுதிப் படித்திருந்தேன், ஆனாலும் அது காதில் விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் பத்தொன்பது வயதுக் குரல், மருதாயி. மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பாயே, அந்தக் குரல். மாமா செத்துப் பதினோரு வருடமாகிறது. அவருடைய ஆட்களையெல்லாம் வேறு கங்காணிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மூக்கையா கங்காணி கணக்கு என்று இப்போது எந்த ஏட்டிலும் கிடையாது. அது ஒரு கறுப்புத் தட்டில் இருந்து வருகிறது. கருப்பாயி முன்னால் உட்கார்ந்திருந்தாள். "எங்க கணக்கு," என்றாள், யாரைப் பார்த்தும் இல்லாமல்.

உன் அண்ணன் பெட்டியருகே போனார். "இன்னொருக்கா வைங்க," என்றார். மக்கீன் ஊசியைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார்.

"பாட்டு வேணாம். கடசி மட்டும்."

"என்ன கணக்கப்புள்ள, முழு ஆட்டையும் உட்டுட்டு வாலை மட்டும் கேக்குறீங்க?" என்றார் மக்கீன். உன் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் ஊசியைக் கடைசிக்குத் தள்ளினார். மூன்று தடவை வைத்தார். குடையை வாங்க மறந்து, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம். வீட்டு வாசலில் நின்று, "அந்த ட்ரங்குப் பெட்டி இன்னும் அவகிட்டதான் இருக்கா?" என்று கேட்டார். இத்தனை வருடம் பெட்டி எங்கே போனது என்று என்னிடம் அவர் கேட்டதே இல்லை. தெரிந்தே கேட்காமல் இருந்திருக்கிறார். இருக்கிறது என்றேன்.

இனிச் சொல்லப்போவது நேற்று, திங்கட்கிழமை விடிகாலையில் நடந்தது. நம் வீட்டுச் சன்னலில் இருந்து பெரட்டுக்களம் தெரியும் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். வழக்கம்போல ஒவ்வொரு கணக்காய்ப் பேர் கூப்பிட்டு முடித்தார். ஆட்கள் கத்தியையும் வாளியையும் எடுத்துவிட்டார்கள். அவர் ஏட்டை மூடவில்லை. விரலை நீட்டினார். யாரும் இல்லாத பக்கம்.

"மூக்கையா கங்காணி கணக்கு. மருதாயி."

அடுப்பில் தேத்தண்ணி கொதிப்பது எனக்குக் கேட்டது. பிறகு பின்னாலிருந்து கருப்பாயி சொன்னாள்.

"பஸ்ஸ தள்ளிக்கிட்டு இருக்கா, கணக்கப்புள்ள."

களம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார் மருதாயி. தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்க. "வரட்டும்," என்றார். "பேர் போட்டு வைக்கிறேன்."

தேத்தண்ணி பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அவர் திரும்பி வந்து ஏன் தேத்தண்ணி இல்லை என்று கேட்டார், நான் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஆடித் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிறார்கள். இந்த வருடம் கோயில் வாசலில் உன் பாட்டுக் கச்சேரி என்று தோட்டத்துத் தலைவர்கள் முடிவு செய்து, என்ன பேர் போடுவது என்று கேட்க இவரிடம் வந்தார்கள். அவர் எழுதிக் கொடுத்ததை நான் பார்த்தேன். எழுத்துக்கள் கொஞ்சம் பெரிதாக இருந்தன. வருவாயா? அறை உண்டு. இந்தத் தடவை பேனா நிற்கவில்லை.

ஜெயம்மா

---

அவிசாவளை
17 ஜூலை 1934
(அஞ்சலட்டை)

அண்ணி, சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். ஏற்றத்தில் நின்றால் தள்ளிக்கொண்டு வர நேரமாகும், சோற்றை எடுத்து வையுங்கள். பெட்டி மூடியில் ஜேனைச் சுரண்டிவிட்டு ஜெயம்மா என்று பெயிண்டில் எழுதியிருக்கிறேன். பெட்டி உங்களுடையதுதானே.

அண்ணனிடம் சொல்லுங்கள், கூப்பிட்டது கேட்டது.

மருதாயி
மூக்கையா கங்காணி கணக்கு